குடையம்மாளுக்கு வந்த பாகப்பிரிவினை

நிலம் பிரிந்தாயிற்று. மாடுகள் பிரிந்தாயிற்று. அண்டா, தவலை, அம்மி வரைக்கும் யாருக்கு எது என்று தீர்ந்துவிட்டது. களத்து மேட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகரப் பெட்டி. அதைத் திறக்கச் சொன்னபோதுதான் செங்கல்வராயனுக்கு உள்ளங்கை வேர்த்தது.

அரை ஏக்கர் நஞ்சை தம்பி பக்கம் போனபோதுகூட மனிதன் இப்படிக் கலங்கவில்லை. பெட்டிக்குள் தங்கம் இல்லை, பத்திரம் இல்லை. பொம்மைக்கதைப் புத்தகங்கள். அதுவும் தமிழில் இல்லை, தெலுங்கில் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. பிரெஞ்சு, இத்தாலி, கொஞ்சம் டச்சு. புத்தூர்ப் பக்கம் வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் புரட்டிப் பார்த்து அப்படித்தான் சொன்னார். இந்த வீட்டில் ஒருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் பெட்டி நிறைய இருந்தது. பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று ஊர் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

புத்தூர் கடைத்தெருவில் நாகபூஷணம் செட்டியார் மளிகைக்கடைக்குப் பொட்டலம் மடிக்கக் காகிதம் வரும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கும் சீமைக் கழிவுக் காகிதம் அது. ஒரு சந்தை நாளில் மிளகாய் கட்டிக் கொடுத்த தாளில் ஒரு குண்டுப் பெண்மணி குடையால் ஒரு போலீஸ்காரனின் தொப்பியைத் தட்டிவிடுவதைச் செங்கல்வராயன் பார்த்தான். பக்கத்தில் ஒரு வாத்து சிரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்தான். அன்றிலிருந்து வாரா வாரம் பழைய செய்தித்தாளைக் கட்டித் தூக்கிப்போய், எடைக்கு எடை கொடுத்து, கலர் படக்கதைகளைப் பொறுக்கி வந்தான். தம்பி திருமலையும் கூடவே போய் மூட்டைக்குள் தலையை விட்டுத் தேடுவான்.

படிக்கத் தெரியாத கதையை எப்படிப் படிப்பது? அண்ணன் தம்பி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்தக் குண்டுப் பெண்மணிக்குக் குடையம்மாள் என்று பேர் வைத்து, அவள் பேசுவதெல்லாம் அண்ணன் தமிழில் பேசுவான். அவளைத் துரத்தும் ஒற்றைக் கண்ணாடிக்காரன் திருமலையின் பங்கு. ரெவின்யூ ஆபீஸில் அதட்டுகிறவர்களைப் போலத் தெலுங்கில் பேசுவான். “ஆகு! எவரு நுவ்வு?”, நில், யார் நீ என்று அவன் உறுமினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பிறகு திருமலையின் மகளுக்கு மொட்டையடிக்கக் குடும்பமே திருப்பதி போனது. கோவிந்தராஜர் சந்நிதிக்குப் போகிற வழியில் பழைய புத்தகக்காரன் ஒருவனிடம் அதே குடையம்மாள் இருந்தாள். படம் அதே படம். வாத்தும் அதே வாத்து. எழுத்து மட்டும் வேறு. ஒரே கதை இரண்டு பாஷையில்! தங்களிடம் பிரெஞ்சில் முடிவே கிடைக்காமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கதைக்கு இத்தாலியில் முடிவு இருந்தது. இருவரும் நடுத்தெருவில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியிலிருந்து இறக்கியும் ஆயிற்று, அப்பனையும் பெரியப்பனையும் காணோம். வீட்டுப் பெண்கள் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்படி இருந்தவர்கள்தான். ஆந்திரம் தனி ராஜ்யமாகப் போன பிறகு எல்லைத் தகராறு முற்றியது. ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லித் திருமலை ரயில் மறியலில் நின்று சிறைக்குப் போனான். அவன் உள்ளே இருந்த நேரத்தில் செங்கல்வராயன் ஊரை ஆந்திரத்திலேயே வைக்கச் சொன்ன மனுவில் கையெழுத்துப் போட்டான். அவன் கடலைக்காயை வாங்குகிறவர்கள் எல்லாம் சித்தூர், பலமனேர் வியாபாரிகள். போடு என்றார்கள், போட்டான். வெளியே வந்த தம்பி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் ஆத்திரத்தில், “உன் ஊட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது” என்று சபதம் போட்டான். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

இப்போது ஏப்ரல் பிறந்தால் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. திருமலைக்கு அங்கே பள்ளிக்கூட வாத்தியார் வேலை. குடும்பத்தோடு இன்றைக்கே கிளம்புகிறான். புத்தூரும் இந்த ஊரும் ஆந்திரத்திலேயே நிற்கின்றன. அதனால்தான் இந்தப் பாகம்.

செங்கல்வராயனைக் குடைந்துகொண்டிருந்தது ஒரு சொல். டீக்கடையில் திருமலை சொன்னானாம்: “அந்தக் குப்ப என் பாகத்துக்கு வந்தா வெந்நீர் அடுப்புக்குத்தான்.” சொன்னான் என்று நாலு பேர் வந்து சொல்லிவிட்டார்கள். எரித்துவிடுவான், கட்டாயம் எரித்துவிடுவான் என்று செங்கல்வராயன் நம்பிவிட்டான்.

காலையிலேயே மனைவி தாட்சாயணி அவனைத் தனியே இழுத்துச் சொன்னாள். “அந்த இத்தாலி பொஸ்தகத்த மட்டும் எடுத்து அரிசிப் பானையில போட்டுடுங்க. எவன் கேக்கப்போறான்?”

“பாகத்துல மறைச்சா குடும்பம் வெளங்குமாடி?”

“அப்ப எரிக்கக் குடுத்துட்டு வந்து என்னாண்ட அழுவாதீங்க.”

அவன் மறைக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, பயம்.

அந்தப் பக்கத்துப் பாகத்தில் ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிப்பவன் திருட்டுத்தனம் பண்ணினால் நல்ல பங்கு தம்பி கைக்குப் போய்விடும். செங்கல்வராயன் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டிருந்தான். பிரெஞ்சு எல்லாம் ஒரு குவியல். இத்தாலியும் டச்சும் இன்னொரு குவியல். திருமலை எதை எடுத்து எரித்தாலும், திருப்பதிக்குப் பிறகு இரண்டு பாஷையிலும் தேடிச் சேர்த்த பெரும்பாலான கதைகள் மற்றொரு பாஷையில் தன்னிடம் பிழைத்திருக்கும். குடையம்மாளின் முடிவு மட்டும் இத்தாலியில்தான் உண்டு. அதற்கு வழியே இல்லை.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். திருமலை எதிரே கை கட்டி நின்றான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாகம் பிரித்துவைக்க வந்திருந்த, அண்ணன் தம்பியின் தாய்மாமன் முனியப்பனுக்குப் பசி. சீக்கிரம் முடித்துவிட்டுக் கை நனைக்க வேண்டும் அவருக்கு.

“இன்னாடா செங்கா, இது சமமா? அந்தக் குவியல் மலையாட்டம் கீது. இது பொடிசா கீது. நாளைக்கி என் தலையில பழி வுழும்” என்றார்.

“எண்ணிக்கை பாக்காத மாமா. பாஷ பாத்துப் பிரிச்சிருக்கேன்.”

“பாஷயாவது மண்ணாவது! பழைய காயிதத்துக்கு ஏதுடா பாஷ? தராச எடுத்தாங்கடா!”

கடலைக்காய் நிறுக்கும் தராசு வந்தது. ஒரு தட்டில் பிரெஞ்சு ஏறியது, மறு தட்டில் இத்தாலி. பிரெஞ்சு சட்டென்று கீழே இறங்கித் தரையைத் தொட்டது. “பாத்தியா?” என்றார் மாமன். நடுவிலிருந்து கைக்கு வந்ததை ஒரு கொத்தாக உருவி அடுத்த தட்டில் போடப் போனார்.

“அத எடுக்காத மாமா!”

கத்தியது ஒரு குரல் இல்லை, இரண்டு. செங்கல்வராயன் திரும்பிப் பார்த்தான். திருமலை கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு தராசுப் பக்கம் வந்துவிட்டிருந்தான்.

“அது நடுவுல வர்றது. அதுலதான் பாலம் ஒடஞ்சி வாத்து ஆத்துல வுழுது. அத உருவிட்டா முன்னாடியும் போச்சி, பின்னாடியும் போச்சி” என்றான் திருமலை, மாமனிடம். அண்ணனைப் பார்க்கவில்லை. மாமன் கையிலிருந்து வாங்கி, எந்த இடத்திலிருந்து உருவினாரோ அதே இடத்தில் செருகினான். தேடவே இல்லை.

அடப்பாவி, ஒன்றுகூட மறக்கவில்லையே என்று நினைத்தான் செங்கல்வராயன். உடனே அடுத்த பயம் வந்தது. இவ்வளவு தெரிந்தவன் எரித்தால் தெரிந்தே எரிப்பான்.

“சரிடா, எடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். உனக்கு எந்தக் குவியல்? சொல்லு, சோறு ஆறுது” என்றார் மாமன்.

திருமலை பிரெஞ்சுக் குவியலைப் பார்த்தான். இத்தாலிக் குவியலைப் பார்த்தான். தாட்சாயணி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். இத்தாலியைத் தொடாதேடா, முடிவைத் தொடாதேடா என்று செங்கல்வராயன் உள்ளுக்குள் கெஞ்சினான்.

“ரெண்டும் வேணாம்” என்றான் திருமலை.

செங்கல்வராயனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதற்கு எரித்திருக்கலாமே! அண்ணன் தொட்ட காகிதம்கூட வேண்டாம் என்கிறானே!

“வேணாம்னா இன்னாடா அர்த்தம்?” என்றார் மாமன்.

“பிரிக்க வேணாம்னு அர்த்தம். கெணத்த இன்னா பண்ணீங்க? களத்த இன்னா பண்ணீங்க? பொதுவுல வுட்டு மொற வெச்சீங்க இல்ல? இதையும் அப்பிடி வுடுங்க.”

“கெணறு ஓடாதுடா. இது பொட்டி. நீ வேற ராஜ்யத்துக்குப் போற.”

“அது என் தப்பா?”

மாமன் செங்கல்வராயனைப் பார்த்தார். முறை வைத்தால் முதல் முறை இளையவனுக்கு. கிணற்றுக்கும் அப்படித்தான் வைத்தார்கள். அப்படியானால் பெட்டி மொத்தமும் இன்றைக்கே வண்டியேறித் திருத்தணி போகும். பிரெஞ்சும் போகும், இத்தாலியும் போகும், ஒரு தாள் மிஞ்சாது. முடியாது, பிரித்துக் கொடு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதியாவது கையில் நிற்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“நீ எரிச்சிட்டா?” என்று கேட்டான். மூன்று வருஷத்தில் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி.

திருமலை இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

“எனக்குக் கோவம் உம்மேல. நான் உள்ள கெடந்தப்ப கையெழுத்துப் போட்டியே, அந்தக் கோவம் இன்னும் கீது, இருக்கும். அதுக்கு அந்தப் பொம்பள இன்னா பண்ணா? வாத்து இன்னா பண்ணுச்சி?”

யாரோ பின்னால் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து இரண்டு குவியலையும் ஒன்றாக்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். அதுதான் அவன் சொன்ன சம்மதம்.

திருமலை பெட்டியின் மேல் கை வைத்தான். “இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். உன் மொற வந்தா நான் தூக்கியாந்து குடுக்கமாட்டேன். நீதான் வரணும். அண்ணியயும் இட்டுக்கினு வரணும். எங்க ஊட்ல ஒரு வேள துன்னுட்டுத்தான் பொட்டியத் தூக்கணும். இஷ்டம்னா சொல்லு.”

களத்து மேடு முழுக்க அண்ணன் வாயையே பார்த்தது. தம்பி வீட்டுத் தண்ணீர்கூட இறங்காது என்று அவன் போட்ட சபதம் ஊருக்கே தெரியும். செங்கல்வராயன் பெட்டியை மூடினான். ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தான். தம்பி மறு பக்கத்தைப் பிடித்தான். இருவரும் தூக்கிப் போய் வண்டியில் வைத்தார்கள்.

“அப்ப மொற எப்பிடி? வருஷத்துக்கு ரெண்டுன்னு வெச்சிக்கிறது. ஆளுக்கு ஆறு மாசம், சரிதானே?” என்று முடிவாகச் சொன்னார் மாமன், வேட்டியைத் தட்டிக்கொண்டு.

செங்கல்வராயன் வண்டிச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஆறு மாசம் ரொம்ப நாளு மாமா. ஒரு மாசம் வெச்சிக்கலாம்” என்றான்.