கொழுந்து மலையில் கேட்காமல் விட்ட கேள்வி

கடந்த பெப்ரவரியில் நான் ரிவர்ஸ்டன் மலைக்குப் போனது பனிமூட்டம் பார்க்கத்தான். தோழி ஷமீலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை இருந்தது, அவளோடு தொற்றிக்கொண்டேன். மாத்தளையில் காலை ஆறரை பஸ். ரத்தோட்டையில் இறங்கி, போய்வர ஆறாயிரம் ரூபாய்க்கு த்ரீவீல் பேசினோம்.

ஏற்றத்தில் அவள் தன் வேலையை விளக்கினாள். "ஒரு தேயிலைப் பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணி, விறகு, காசு போகுதுன்னு வேற ஆட்கள் அளந்துட்டாங்க. அதைச் செய்றவங்க வாழ்க்கை எப்படி இருக்குன்னு பார்க்கிறதுதான் என் பங்கு."

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் சம்பளம், வேலை நேரம், பிள்ளைகளின் படிப்பு என்று கேட்டாள். பக்கத்திலேயே வேலையை மேற்பார்க்கும் கங்காணி நின்றார். "குறை ஒண்ணுமில்லங்க மிஸ்" என்றார்கள் எல்லோரும்.

பத்து மணிபோல என் பாடு திண்டாட்டமானது. வழியில் குடித்த பிளேன்டீயின் வேலை. கொழுந்து பறித்தவர்களில் செல்வி என்ற பெண்ணிடம், கழிப்பறை எங்கே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, என்னைப் பற்றைப் புதருக்குப் பின்னால் கூட்டிப்போய், இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து மறைத்துப் பிடித்தார்.

"நீங்கல்லாம் என்ன செய்றீங்க?"

"காலையில தண்ணியே குடிக்கிறதில்லங்க. பகல் சாப்பாட்டுக்கு லயத்து வீட்டுக்குப் போய்தான் குடிப்போம். போன வருசம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

"அந்த மிஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"கங்காணி நிக்கிறாரே. ஆம்பள முன்னால எப்படிங்க சொல்றது?"

செல்வி சம்மதித்த பிறகே ஷமீலாவிடம் சொன்னேன். அவள் கங்காணியை அனுப்பிவிட்டு எல்லோரையும் மறுபடி உட்காரவைத்தாள். இந்த முறை பேச்சு ஓய மதியமாகிவிட்டது. பிறகு யார் பெயரையும் சொல்லாமல் தோட்டத்தின் மானேஜரான துரையிடம் பேசினாள். "தொழிற்சாலைத் தண்ணிக்கெல்லாம் மீட்டர் வச்சிருக்கோம். இது எனக்குத் தோணவேயில்ல," என்றார். கழிப்பறையை எங்கே கட்டுவது என்று அந்தப் பெண்களையே இடம் காட்டச் சொன்னார்.

போன மாதம் மீண்டும் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கருகே இரண்டு கழிப்பறைகள், குழாய்த் தண்ணீரோடு. செல்வி சாவியைத் தந்தார். "கழுவிட்டு வாங்க மிஸ். நாங்க முறை போட்டுத்தான் சுத்தம் பண்றோம்."

ஷமீலாவைப் போல, ஒரு பொருள் நல்ல முறையில் உருவாகிறதா என்று பார்க்கப் போகிறவர்கள், பெண்களிடம் தனியாகப் பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: குளிருக்கு ஒரு சுவெட்டர் வேண்டும். கழிப்பறைத் தேவையை ரத்தோட்டையிலேயே முடித்துவிடுங்கள். மலையில் இருப்பது அந்தப் பெண்களுடையது; கேட்டால் தருவார்கள். கழுவிவிட்டு வாருங்கள்.