கேமரா ஓடும்போது

ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் மோட்டார் களவு போனது. எங்கள் காலனிக்குள் போலீஸ் ஜீப் வந்து அண்ணனைத் தூக்கிப் போனது. மோட்டார் கடைசியில் தோப்புக்காரரின் மச்சான் வீட்டில் கிடைத்தது. அதற்குள் அண்ணனின் வலது குதிகால் உடைந்திருந்தது.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். மனு எழுதாத அலுவலகம் இல்லை. எங்கும் ஒரே பதில்: ஸ்டேஷன் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார், அடித்ததற்குச் சாட்சி இல்லை.

போன வருஷம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் லாக்கப்பில் சாகிற கதை. பூட்டிக் கிடந்த அரிசி ஆலையை ஸ்டேஷனாக மாற்றி, அடி வாங்குகிற கூட்டத்துக்குக் காலனி ஆட்களைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் போனான். துணைக்கு நானும் போனேன். வாசலிலேயே செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே பாதுகாப்புக்கு நின்றவர், அன்று ஸ்டேஷனில் அண்ணனை அடித்த ஏட்டு.

போலீஸ் வேஷக்காரருக்கு ரப்பர் லத்தியை ஓங்கவே வரவில்லை. டைரக்டர் ஏட்டிடம் ஒரு தடவை அடித்துக் காட்டச் சொன்னார். அதைக் கேமராவில் எடுத்து வைத்தால் நடிகர் பார்த்துப் பழகுவாராம். ஏட்டு சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏலே நொண்டி, நீ வா. உனக்குத்தான் பழக்கம்."

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, அவற்றின் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இது நல்லாருக்கே என்றார் டைரக்டர்.

ரப்பர் அடி மெதுவாக விழுந்தது. அண்ணன் நிமிர்ந்தான்.

"கேமரா ஓடுதா சார்?"

ஓடுகிறது என்றார்கள்.

"அப்ப அன்னைக்கு அடிச்ச மாதிரியே அடிங்க ஏட்டையா. பாத்ரூம்ல வழுக்குறது எப்பிடின்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஏட்டு ரப்பரை வீசிவிட்டு, சுவரில் சாத்தியிருந்த தன் லத்தியை எடுத்தார். உடைந்த குதிகாலிலேயே அடித்தார். எங்கள் சாதியைச் சொல்லிச் சொல்லி அடித்தார். நான் பாய்ந்தபோது ஓர் அடி என் முழங்கையில் இறங்கியது. ஆட்கள் அவரை இழுத்துப் பிடிக்கும்போது தரையெல்லாம் ரத்தம். அண்ணன் கத்தவில்லை, விரல்களை விடவுமில்லை.

அந்தப் பதிவைத் தரச்சொல்லி டைரக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, இன்னும் எடுக்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஸ்டேஷனைப் பகைத்துக்கொள்ள முடியாது தம்பி என்றார். என் கண்முன்னாலேயே அழிக்கச் சொன்னார்.

அண்ணனைத் தூக்கி பைக்கில் உட்காரவைத்து, அழித்துவிட்டார்கள் என்றேன். காலில் சுற்றிய துண்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஆலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கும் எடுக்குறாங்கல்ல? எத்தன நாளைக்கு அழிப்பாங்க? வாரேன்னு சொல்லிட்டு வா."