போகியன்று சாத்தியிருந்த கதவுகள்

சுதந்திரம் வந்த புதிதில் எங்கள் மலாக்கா மாநில அரசுக்கு ஒரு வேகம் இருந்தது. கோலாலம்பூர் வழியாகப் போனால் காரியம் ஆறிப்போகும் என்று, கடல் கடந்த ஒரு மாகாண அரசுக்கு நேராகவே கடிதம் எழுதினார்கள். நிலம் தருகிறோம், வந்து தொழிற்சாலை கட்டுங்கள் என்பதுதான் சாரம். பண்டார் ஹிலிர் அலுவலகத்தில் அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

அங்கிருந்து வரும் விருந்தாளிகளுக்குக் காட்டவேண்டிய இடங்களின் பட்டியலில் கிளேபாங் கடற்கரை முதலாவது. இரண்டாவது, காஜா பேராங்கில் எங்கள் சந்து. பன்னிரண்டு பலகை வீடுகள், நிலம் அரசுடையது.

எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் போனேன். தமிழர், நல்ல மனுஷன், ஆனால் மேலிடம் சொன்னால் கிணற்றிலும் குதிப்பார்.

"சார், அங்க எங்க ஆளுங்க குடியிருக்காங்க."

"இருந்தா என்னம்மா? வர்றவங்க கண்ணால பாக்கட்டும். ஜனம் இருக்கிற இடம் வேணாம்னு அவங்களே சொல்லிருவாங்க. நீ தேதியப் பாத்துப் போடு."

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம், பாழாய்ப்போன புத்தி. எங்கள் சந்துக்குப் போகியன்று காலை பத்து மணி என்று போட்டேன். அன்று சந்தில் யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். சமையல், பிள்ளைகள் கூச்சல், உறவுக்காரர் கூட்டம். அதைப் பார்த்தால் வந்தவர்கள் பின்வாங்குவார்கள் என்பது என் எண்ணம்.

கிளேபாங்கில் வரவேற்புப் பேச்சு முடிவதாகவே இல்லை. இளநீர், புகைப்படம், மறுபடி பேச்சு. குறிப்பெடுக்கப் போன நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சந்துக்குள் கார்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை.

அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அம்மா மலாக்கா செட்டி வீட்டுப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி, மலாய் கலந்து பேசும் தமிழ் வம்சம். சந்து முழுக்க அவள் ஆட்கள். எங்கள் சந்து வழக்கப்படி, போகி உச்சிப்பொழுதில் இறந்தவர்களுக்குப் படையல் போட்டு, முன்கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் பின்பக்கம் போய் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சாப்பிட வந்தவர் பட்டினியாகத் திரும்பிவிடுவார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முதல் படையல்.

பன்னிரண்டு கதவும் சாத்தியிருந்தன. விருந்தாளிகளில் ஒருவர் மெதுவாக நடந்துபோய் ஒரு ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கூட வந்த எங்கள் அதிகாரி என்னவோ போல் சிரித்தார்.

"எங்கம்மா உன் ஆளுங்க? கூப்பிடு" என்றார் பெரிய கிராணி, ரகசியமாக.

நான் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். ஒரு குரல் கொடுத்தால் போதும். கதவிடுக்கு வழியாகச் சாம்பிராணியும் நண்டுக் குழம்பும் மணத்தன. அப்பாவுக்கு நண்டென்றால் உயிர். நான் கூப்பிடவில்லை.

அதிகாரி விருந்தாளி பக்கம் திரும்பி, இவை காலி வீடுகள் என்றார். விருந்தாளி தலையாட்டிவிட்டு, எங்கள் வாசலிலிருந்தே காலால் நிலத்தை அளக்கத் தொடங்கினார்.

காரில் ஏறியதும் பெரிய கிராணியிடம் படையலைப் பற்றிச் சொல்லி அழுதேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வெளிநாட்டு ஆளுங்க முன்னாடி மாநிலம் வார்த்தை குடுத்திருச்சும்மா. இனிமே மாத்தினா நம்மள யாரு நம்புவா? பேசாம லெட்டர அடி."

அடித்தேன். மூன்று பிரதி. காலி வீடுகள் என்ற இடத்தில் ஒரு பிழைகூட இல்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா சிரித்த முகமாக இருந்தாள். "வாசல்ல சத்தம் கேட்டுச்சே, சியாப்பா? யாரு?" என்றாள். யாரோ வழி கேட்டார்கள் என்றேன். "நல்ல வேளை, யாரும் கூப்புடல. அப்பா வயிறாரச் சாப்டாரு."

மழைக்கு முன்பே வீடுகளைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். உஜோங் பாசிரில் பிடித்த வாடகை அறைக்குக் கொண்டுபோக, எங்கள் பழைய வாசலில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"அடுத்த போகிக்கு அப்பா இங்கதானே வந்து நிப்பாரு?"