நடுவில் வந்த வெள்ளம்

குழந்தைகளுக்கான பழைய கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தொழிற்சாலையில் சாமானைப் பார்த்துக் குறை கண்டுபிடித்து ஒதுக்கிவைப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொள் என்றால் முடிகிற காரியமா? போன காட்சியில் சிவப்புச் சட்டை போட்டிருந்த கரடி இந்தக் காட்சியில் பச்சைச் சட்டையோடு நிற்கும். நேற்றுக் கால் உடைந்த முயல் இன்று வேலி தாண்டும். கேட்டால், சின்னப் பிள்ளைகள் பார்ப்பதுதானே, இதற்குப் போய் இவ்வளவு நோண்டுவதா என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியவர்களுக்குக் கதை தப்பினால் எழுந்து போய் கோப்பி கலக்கிக் குடிப்பார்கள். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அனுப்பும் சாமானைத்தான் இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

இந்த வாதத்தில் நான் எப்போதும் முதலில் இழுத்துவருவது ஒரு நீர்நாய்க் குடும்பத்தை. சிறுவயதில் பார்த்த தொடர், மலாய் மொழியில் குரல் கொடுத்திருப்பார்கள். ஆற்றங்கரைப் பொந்தில் அப்பா நீர்நாய், அம்மா நீர்நாய், ஒரு குட்டி. ஒரு பாகத்தில் வெள்ளம் வந்து அம்மாவை அடித்துக்கொண்டு போய்விடும். குட்டி கரையில் நின்று கத்தும். அம்மா வராது. அடுத்த பாகத்தில் பார்த்தால், அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி பொந்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கும். எப்படித் தப்பித்தது, யார் கரையேற்றினார்கள், ஒரு வார்த்தை கிடையாது. குட்டியும் கேட்காது. இப்படி ஒரு பொறுப்பில்லாத வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை என்று வருஷக்கணக்காக ஏசிவந்தேன்.

அந்தத் தொடரை நான் தொலைக்காட்சியில் பார்த்ததே இல்லை. எனக்கு மதியப் பள்ளி. அது ஓடும் நேரம் நான் வகுப்பில் இருப்பேன். என்னிடம் இருந்தது அப்பா பதிந்து கொடுத்த கேசட். அப்பா எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தார். இரண்டு பெட்டிகளை ஒயர் போட்டு இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவதுதான் அவர் வேலை. தமிழ்ப் படம் முடிந்து கேசட்டில் மிச்சமிருக்கும் இடத்தை வீணாக்காமல் கார்ட்டூன் போட்டு நிரப்புவார்கள். அந்தக் காலத்தில் கேசட் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதாநாயகி கழுத்தில் தாலி ஏறிய கையோடு திரையில் ஒரு வாத்து வந்து குதிக்கும். ஆனால் எனக்கென்று அப்பா செய்த கேசட்டில் படம் இல்லை. முழுக்க நீர்நாய்கள்தான்.

அவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தது அம்மா இறந்த கொஞ்ச நாளில். எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ நோய் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது பெண்கள் எல்லோரும் வீட்டுக் கேட்டோடு நின்றுவிட்டார்கள். பெரியம்மா என் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். ஆம்பளைகள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பியதைப் பார்த்தேன். அப்பா மொட்டைத் தலையோடு திரும்பி வந்ததைப் பார்த்தேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா சாமிகிட்ட போயிருக்காங்க என்றார்கள். போனவர்கள் வருவார்கள்தானே.

அன்றிலிருந்து அப்பா அம்மாவைப் பற்றிப் பேசியதில்லை. வருஷா வருஷம் திதி கொடுப்பார், படையல் போடுவார், இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். நானும் எத்தனையோ விதமாகக் கிளறிப் பார்த்திருக்கிறேன். அம்மா வைக்கும் மீன் குழம்பு எப்படி இருக்கும் என்றால், "ம்" என்பார். நான் யார் சாயல் என்றால், குளிக்கப் போய்விடுவார். இப்போது அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செபராங் ஜெயாவில் ஓர் இடத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நான் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். இருதயமும் சரியில்லை, எதற்கும் தயாராக இருங்கள் என்று மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. இந்த மனுஷன் கண்ணை மூடுவதற்குள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

போன மாதம் வேலையிடத்துக் கேண்டீனில் மறுபடியும் கார்ட்டூன் சண்டை. என் பிரிவில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி, நான் நீர்நாயை இழுத்ததும் கைப்பேசியில் தேடத் தொடங்கினாள். யாரோ ஒரு புண்ணியவான் தொடர் முழுவதையும் வரிசையாக ஏற்றிவைத்திருந்தான். சோறு ஆறும் வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க ஏசுற மாதிரி ஒன்னும் இல்லலா. வெள்ளம் கடைசி பாகம். அதுக்கப்புறம் அம்மா வரவே இல்ல."

சும்மா விடுவேனா? நீ தப்பாகப் பார்த்திருப்பாய் என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் காடிக்குள் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். மீன் ஆயும் பாகம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. வெள்ளம்தான் கடைசி. குட்டி கரையில் நிற்கிறது, இருட்டுகிறது, அப்பா நீர்நாய் வந்து பக்கத்தில் உட்காருகிறது, முற்றும் என்று மலாய் எழுத்து வருகிறது. அந்த எழுத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எங்கள் கேசட்டில் அந்த இடத்தில் படம் ஒரு வெட்டு வெட்டும், உடனே அம்மா மீனோடு உட்கார்ந்திருக்கும்.

கைதவறி நடந்ததாக இருக்காது. எழுத்து வருவதற்கு முன் அப்பா சரியாக நிறுத்தி, அடுத்ததாக எதை ஒட்டுவது என்று தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார். அந்தக் கேசட்டைப் பார்த்துவிட்டு நான் செய்தது ஒன்று உண்டு. பள்ளி விட்டு வந்ததும் காலணியைக் கழற்றாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நிற்பேன். வெள்ளத்தில் போன அம்மாவே வந்துவிட்டது, என் அம்மா வர எவ்வளவு நேரமாகும்? பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டால், இரு பெரியம்மா, வரட்டும் என்பேன். யார் வரட்டும் என்று அவர் கேட்டதில்லை. எவ்வளவு காலம் அப்படி நின்றேனோ தெரியாது. ஒருநாள் நிற்பதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதும் ஞாபகமில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைசிப் பாகத்தைக் கைப்பேசியில் போட்டு அவர் முன்னால் பிடித்தேன். இடது கையில் குழாய்கள், குளிருக்குக் கழுத்து வரைக்கும் போர்வை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். முற்றும் என்று வரும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

இதை ஏன் நடுவில் போட்டீர்கள் என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைசியில போட்டா அதோட முடிஞ்சிரும்ல, பாப்பா. நடுவுல போட்டா ஒங்கம்மா வந்துருவா."

நீர்நாய் என்று அவர் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக நான் காத்திருந்த பேச்சு இப்படியா வர வேண்டும்? அதோடு விட்டிருக்கலாம். என்னால் விட முடியவில்லை. நான் நிஜமாகவே அம்மா வருவார்கள் என்று நம்பினேன், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. எதிர் நாற்காலிச் சீன அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"தெரியும்," என்றார் அப்பா. "கடையிலேர்ந்து ராத்திரி சாப்பிட வரும்போது பாப்பேன்."

தெரியுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை, காலில் பள்ளிக் காலணியோடு, இருட்டும் வரைக்கும் நிற்கிறது. பெற்றவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்து உள்ளே போகிறார். பிள்ளைகள் நம்பிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேனே, நம்பியது நான்தான். அந்தத் தொடரைச் செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். செத்தவள் செத்தவள்தான் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

"ஏம்பா சொல்லல?" என்றேன். "அம்மா வரமாட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

தாதி வந்து ஊசி போட்ட இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போகும் வரைக்கும் அப்பா காத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நீ அங்க நிக்கிறத பாத்தா எனக்கு ஒரு மாதிரி தெம்பா இருக்கும். அவளுக்காக வீட்டுல ஒருத்தராச்சும் காத்துகிட்டு நிக்கிதேன்னு. அத நிறுத்த மனசு வரல. ஒரு நாளு சாப்பிட வந்தேன், கேட்டு பக்கத்துல நீ இல்ல. உள்ள ஒக்காந்து வீட்டுப்பாடம் எழுதிகிட்டு இருந்த. அன்னிக்கித்தான் பாப்பா, ஒங்கம்மா செத்துட்டான்னு எனக்கு வெளங்குச்சு."