இன்னும் ஓர் அரைச் சுற்று

குழாயை மூடிவிட்டார். தண்ணீரும் நின்றுவிட்டது. ஆனால் கை விடவில்லை. மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, இன்னும் ஓர் அரைச் சுற்று. "இறுக்கமா இருந்தா நிம்மதி" என்பார். அந்த வீட்டில் முகம் கழுவ நினைப்பவர் முதலில் குறடு தேட வேண்டும். சர்க்கரை டப்பாவைத் திறக்கும் முயற்சி கைவிடப்பட்டு நாளாயிற்று; குடும்பமே சர்க்கரையில்லாக் காபிக்குப் பழகிவிட்டது.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த தொழில் மெக்கானிக். வாய்த்த மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறாள். இரண்டும் சந்திக்கும் இடம், வேனின் முன்சக்கரத்து பிரேக்.

பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு சுண்டுவிரல் நீளம்தான். நடுவே துளை வேறு. பதமாக நிறுத்தினால் போதும். நம்மவரோ ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி முறுக்கினார். திருகின் தலை கையோடு வந்தது; உடல் உள்ளேயே தங்கிவிட்டது. பிரேக்கின் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

நாளைக் காலை வேனுக்குத் தகுதிச் சோதனை. தவறினால் பள்ளிக்கூடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளும். ஆகவே அவள் இரும்புக் குழாயைத் தன் இருக்கைக்கடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு வழங்கப்பட்டது இருப்பதிலேயே குட்டையான ஸ்பேனர்.

சக்கரம் கழற்றிய இடத்தில் குந்தி, "அமுத்து" என்றார். அவள் பெடலை மிதித்தாள். "விடு" என்றார், விட்டாள். காற்றெல்லாம் போய்விட்டது. புதுத் திருகையும் மூடியாயிற்று.

"கசியுதா?"

"இல்ல."

"அப்ப எந்திரிச்சு வாங்க."

 சக்கரத்துப் பக்கம் ஒரு மூச்சு நின்றது. அவருடைய குறட்டையை விட அவளுக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு அது. ஹாரனை அழுத்தினாள். மட்கார்டில் ஒரு தலை மோதிய சத்தம் கேட்டது.

"மனசு கேக்கல," என்றார் தலையைத் தடவியபடி. "புள்ளைங்க போற வண்டி. வழியில கழண்டுட்டா?"

"உங்க கையில எதுவும் கழண்டு நான் பாத்ததில்லங்க. ஒடஞ்சுதான் பாத்திருக்கேன். குடுங்க அதை."

ஜன்னலுக்கு நேராக ஸ்பேனர் எழுந்து வந்தது. வாங்கிக்கொண்டு மறுபடி மிதித்துப் பார்த்தாள். பெடல் கல்லாக நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தாள்; சொட்டு எண்ணெய் இல்லை.

தூசி போகாமலிருக்கத் திருகின் தலையில் மாட்டும் ரப்பர் தொப்பி மட்டும் மிச்சம். அதற்குச் சுற்றித் திருக மரை கிடையாது, அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினார். உட்கார்ந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மூச்சைப் பிடித்து, இரண்டே விரலால் அதற்கும் ஓர் அரைச் சுற்று கொடுத்தார்.