மூடிய பாலத்தில் ஒரு சந்து

ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவர்கள் மோட்டார் ஓட்டிகள்; பைக்குக்கு இங்கே அதுதான் பெயர். மேற்சட்டையை முன்பின்னாக மாற்றி மாட்டிக்கொண்டு, முதுகைத் திறந்துவிட்டுப் பறக்கிறார்கள். ஊரில் இப்படிப் போனால் தெருவே சிரிக்கும். மார்பில் காற்றடிக்காமலிருக்க அது நல்ல வழி என்று பிறகுதான் புரிந்தது.

எந்தப் பாலத்தை முதலில் பழுதுபார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று கணினி நிரல் மூலம் வரிசை போடுவது என் வேலை. விரிசல், போக்குவரத்து, செலவு எல்லாவற்றையும் கொடுத்தால், அது பலவிதமாக அடுக்கிப் பார்த்து நல்ல வரிசையைச் சொல்லும். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்துப் பாலத்தின் தூணடியில் மண் அரித்திருந்தது. கான்கிரீட் கட்டைகள் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய பாலத்துக்குப் போக்குவரத்து சைபர். நிரல் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

அடைமழைக் காலை ஒன்றில், எதிர்மேசை லெட்சுமி அக்கா சொட்டச் சொட்ட வந்தார். பாலத்துக்கு அக்கரையில், அந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்.

“பாலத்துலதான் வந்தேன் தம்பி. சுத்தி வந்தா ரொம்ப தூரம்.”

“அதை மூடியாச்சே அக்கா, காரே போக முடியாதே?”

“காடிக்குத்தான் மூடியிருக்கு லா. மோட்டாருக்குச் சந்து இருக்கே!”

அவர் சிரித்தார். லால்குடிப் பக்கம் எங்கள் வாய்க்கால் பாலத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தபோது, முள்ளை ஒதுக்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்கள்தானே நாங்களும்!

சைபரை அழித்து மோட்டார்களைச் சேர்த்தேன். பாலம் ஒரே தாவலில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் மழை விட்டால்தான் தூண் வேலை. அந்த இடைவெளியையாவது அடையுங்கள் என்று மேலதிகாரியிடம் மன்றாடினேன். “எசோக் லா,” என்றார். நாளைக்காம். ஆறு நாளை வரை காத்திருக்குமா?

அன்று வேலை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் பாலத்துக்குப் போய், சந்தின் குறுக்கே காரை நிறுத்தினேன். கீழே செந்நீர் இரைந்துகொண்டு போனது. வீடு திரும்பும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று ஹார்ன் அடித்தன. முன்னால் அக்கா.

“காடிய எடுங்க தம்பி. புள்ளைங்க தனியா இருக்குதுங்க.”

“பாலம் தாங்காதுக்கா. சுத்திப் போங்க.”

“உங்களுக்கு என்னா? நாளைக்கு ஊருக்குப் போயிருவீங்க. நாங்கதானே இங்க கெடந்து சுத்தணும்!”

சுருக்கென்றது. ஆனாலும் கார்ச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா என்னை முறைத்துக்கொண்டே கைப்பேசியில் வீட்டுப் பிள்ளைகளை அழைத்தார். “பாலத்துப் பக்கம் யாரும் வராதீங்க. நான் சுத்தி வாரேன்.” மோட்டாரைத் திருப்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். முன்பின்னாக மாட்டிய மேற்சட்டையில் திறந்திருந்த அவர் முதுகு மழையில் நனைந்துகொண்டே போனது.

பாலத்தில் இப்போதுதான் உண்மையான சைபர். அக்கரையில் அவர்கள் வீட்டு விளக்குகள் எரிந்தன. இக்கரையில் என் காரைத் தவிர ஒன்றுமில்லை.