வெள்ளித்தாள் சுற்றிய பாட்டில்

எங்கள் பக்கத்து நிலக்கடலை, பறிக்கும் நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். விதையை அப்படி முளைக்கவிடாமல் உறங்கவைக்கும் ஹார்மோன் ஒன்று உண்டு. அதை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. பறித்ததும் விதையை அரைத்து மெத்தனாலில் போட்டு, வெளிச்சம் படாமல் குளிரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அதனால் கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் எங்கள் தோட்டத்தில் பறித்ததை உடனே அரைத்து ஊறப்போட்டு, பாட்டிலுக்கு வெள்ளித்தாள் சுற்றி, வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் வைத்தேன்.

காலையில் லேபுக்குக் கிளம்ப பாட்டிலை எடுத்தால் கனமே இல்லை. பாதியைக் காணோம்.

அப்பா குடிப்பார். அது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மெத்தனால், கள்ளச்சாராயத்தில் கலந்து ஆட்களைக் கொல்லும் அதே விஷம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. கண் மங்கும்போதுதான் தெரியும்.

பால் சொசைட்டிக்கு ஓடினேன். கேனோடு வரிசையில் நின்றிருந்தார். அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்:

"அப்பா, ஃபிரிட்ஜுல இருந்ததைக் குடிச்சீங்களா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"சத்தியமா இல்லீங் அம்மிணி."

குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. அப்போது விடிந்துதான் இருந்தது. நான் நம்பவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா வெலவெலத்துப் போனாள்.

"நாந்தான் சிங்க்குல ஊத்துனேன். உங்கப்பா ஒளிச்சு வெச்சதுன்னு நெனச்சுட்டேன். முழுசா ஊத்துனா தெரிஞ்சுருமுன்னு எப்பவும் பாதிதான் ஊத்துவேன்."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். விதை போனால் போகட்டும் என்றிருந்தது. அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் அப்பா அருகில் வந்தார்.

"அது கலந்திருந்தா ருசியில தெரியுமா அம்மிணி?"

"தெரியாதுங்கப்பா."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ஒருத்தன் புதுசாக் கொண்டாந்து குடுத்தான். காத்தால இருந்து தலைவலி. எப்பவும் வர்ற வலி மாதிரி இல்ல."

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொன்னேன். பயத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வழியில் தென்பட்ட கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். தமிழும் மலையாளமுமாக, சின்னப் பிள்ளை போல, அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.